நடு தப்பிய தட்டு

1

போன வாரம் என் மகள் கயலுக்குப் பள்ளிக்கூடத்தில் காது பார்த்தார்கள். இந்த ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பார்க்கிறார்கள். தலையில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, எங்கோ தூரத்தில் குருவி கத்துவதுபோல ஒரு சத்தத்தை விடுவார்கள். கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். கயல் எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினாள். நர்ஸ் அம்மா எதையும் விடாமல் சும்மா இருந்தபோதும் ஒருமுறை தூக்கினாள். அவ்வளவு ஆர்வம்.

பெற்றோருக்கும் சில கேள்விகள் இருந்தன. குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார்கள்.

"என் அப்பாவுக்கு" என்றேன்.

"பரம்பரையா?"

"இல்லை. கிரைண்டர்."

நர்ஸ் அம்மா எழுதுவதை நிறுத்தினார். "காப்பிக்கொட்டை அரைப்பதா?"

பிளாஸ்டிக் அரைப்பது, ஆள் உயரம் இருக்கும், நாள் முழுக்க ஓடும் என்று சொன்னேன். அதற்குத் தாளில் இடம் இல்லை. 'மற்றவை' என்று இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் சங்கதிகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் போய் உட்காருகின்றன.

வீட்டுக்கு வந்தும் அந்த டிக் கண்ணிலேயே நின்றது. அதனால் எழுத உட்கார்ந்தேன். இங்கிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், சம்பளத்தைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரு பாட்டு. கறுப்பர்கள் பாடிய பழைய பாட்டு, கறுப்புத் தட்டில் இருந்தது. என் அப்பாவின் காது முழுசாக அடைபடுவதற்குள் அந்தப் பாட்டை அவரிடம் ஒருமுறை கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று அலைந்தேன். மற்றபடி வேலைக்குப் போனேன், வந்தேன்.

2

எங்கள் வீடு திருமழிசையில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா முதலில் கழனியில் கூலி வேலை பார்த்தார். கழனிகளில் ஷெட்டுகள் எழும்பியதும் அதே இடத்தில் ஒரு பைப் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். "இங்கதான்டா நாத்து நட்டேன்" என்று மெஷினுக்குக் கீழே தரையைக் காலால் தட்டிக் காட்டுவார். அம்மாவுக்கும் அங்கேயேதான் வேலை.

துறைமுகத்திலிருந்து லாரிகளில் வெளிநாட்டுக் கழிவு மூட்டை மூட்டையாக வரும். அதை அரைத்து, உருக்கி, வீட்டுச் சுவரில் ஒயர் போகிற பைப் செய்வார்கள். நான் ஹைஸ்கூல் படித்த எண்பதுகளின் நடுவில் அந்த மூட்டைகளில் பாதி இசைத்தட்டுகள். விற்காமல் நின்றவையோ, தூக்கிப் போட்டவையோ, யாருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பிளேட்டு என்போம்.

பிளேட்டை அப்படியே அரைக்க முடியாது. நடுவில் ஒட்டியிருக்கிற காகிதம் மாவில் கலந்தால் பைப் வெடித்துவிடும். அதனால் அம்மாவும் இன்னும் சில பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, கைப்பிரஸ்ஸில் ஒவ்வொரு பிளேட்டாக வைத்து, கைப்பிடியை இழுத்து, நடுவட்டத்தை வெட்டித் தள்ளுவார்கள். பாடியவர் பெயர், பாட்டின் பெயர் எல்லாம் அந்த வட்டத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டின வட்டம் ஒரு மூட்டைக்குப் போகும். மிச்சமிருக்கும் வளையம் இன்னொரு மூட்டைக்கு. வளைய மூட்டையை நைனா தூக்கிக்கொண்டு போய்க் கிரைண்டர் வாயில் கொட்டுவார்.

ஆக, பெயர்கள் ஒரு மூட்டையில், பாட்டுகள் ஒரு மூட்டையில். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவை அழைத்துவரப் போகும்போது பெயர் மூட்டைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன். எந்தப் பெயர் எந்த வளையத்துக்குச் சொந்தம் என்று சொல்ல யாரும் கிடையாது.

கிரைண்டர் ஓடினால் ஷெட்டுக்குள் யார் பேசுவதும் கேட்காது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நைனா வைக்க மாட்டார். மூட்டையில் ஆணியோ இரும்புத் துண்டோ வந்தால் முதலில் கிரைண்டர் பிளேடின் சத்தம் மாறும், அந்த நொடியே நிறுத்த வேண்டும், பஞ்சு வைத்தால் தெரியாது என்பார். காதுதான் அவருக்கு அங்கே கண்.

என்னோடு படித்த பஷீரின் அத்தாவுக்குப் பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை. ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத ஒரு ரெக்கார்ட் பிளேயர் அங்கே கிடந்தது. இந்த வளையங்கள் பாடுமா என்று பார்க்கப் பஷீருக்கு ஆசை. மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு மூன்று எடுத்துக்கொண்டேன். "இன்னாடா மணி, பொண்ணு பாக்கப் போறியா? வளையல் கொஞ்சம் பெர்சா கீதே" என்றார் மேஸ்திரி. வேலை செய்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

நடுவில் அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தால் தட்டு பிளேயரில் நிற்காது. பஷீர் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, வளையத்துக்குள் பொருத்தினான். ஊசியை வைத்தோம். பாட்டு வந்தது. வந்தது என்றால், ஒரு சுற்றுக்கு ஒருமுறை குரல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"மச்சான், இன்னாடா பாட்டு ஆடுது?"

"நடு தப்பிப்போச்சு மச்சான். உங்கம்மா ஒருபக்கமா வெட்டிகீறாங்க."

"எங்கம்மாவ இன்னாத்துக்கு இழுக்கற? உன் அட்டையப் பாரு, மெதுவடை மாதிரி கீது."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அவன் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஆட்டம் முழுசாகப் போனதில்லை. அந்த ஆட்டத்தோடுதான் நாங்கள் கேட்டோம். வயலின் கூட்டமாக அழுதவற்றை ஒதுக்கினோம். பேச்சாக வந்தவற்றை ஒதுக்கினோம். அடி கனமாக, கீழ்ச்சுரத்தில் கிடார் ஒன்று நடந்துபோவதுபோல, பித்தளைக் குழல்கள் திடீரென்று வெட்டிவிட்டுப் போவதுபோல இருந்தவற்றை மட்டும் சேர்த்தோம். போகப்போகக் கண்ணாலேயே பொறுக்கப் பழகினோம். தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் தெரியும். அகலக் கோடு அதிகம் என்றால் அடி பலம். அதற்கு சோல் என்றும் ஃபங்க் என்றும் பெயர் இருப்பது பல வருஷம் கழித்து இங்கே வந்துதான் தெரிந்தது. எங்களுக்கு எல்லாம் அடிப்பாட்டு.

3

சனிக்கிழமை வேலை முடிந்தால் நைனா பூந்தமல்லிக்குச் சாமான் வாங்க வருவார். கடையில் என்னைத் தேடி வந்தவர் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டை, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் தட்டுத் தூள். உள்ளே ஒரு வளையம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு ஆள் இருமுவான். பாடுவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்கிற இருமல், அதையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தார்கள். அப்புறம் அந்தக் கிடார் தனியாக நடக்கும். அப்புறம் அடி. அப்புறம் அந்த ஆள் பாடுவான், பின்னால் பெண்கள் பதில் சொல்வார்கள். அந்த வளையத்தில் ஆட்டம் ரொம்ப அதிகம்.

"யார்ரா இவன்?" என்றார் நைனா.

"தெரியல நைனா. பேரு இல்ல."

"நல்லா ஏத்திகினு வந்துகீறான்டா." தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாரு, இந்தப் பக்கம் சாயறான்... இதோ அந்தப் பக்கம்... வுழப்போறான், வுழப்போறான்... வுழல பாரு! கில்லாடி!"

சிரித்தார். வீட்டில் அவர் சிரித்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச்சே இருக்காது. இங்கே கடை வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் குடிக்கவே மாட்டார். குடித்தவர்கள் வீட்டுக்குப் போகிற நடையை மட்டும் ரசித்துப் பார்ப்பார்.

பஷீர் விளக்கினான்: "மாமா, அந்தாளு குடிக்கல. பிளேட்டு நடு தப்பிப்போயி சுத்துது."

"நடு தப்பினா இன்னா பாய்? சுத்துதில்ல? வுடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். "குடிகாரன போடு பாய்." விழப்போகிற இடங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கையை உள்ளங்கை கீழே வைத்து இப்படியும் அப்படியும் சாய்ப்பார். அம்மா ஒருநாள் கூட வந்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தக் குடிகாரனப் பாக்கத்தான் வாரா வாரம் வரியா? நம்ம தெருவுல இல்லாத குடிகாரனா?" என்றாள். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளும் அதையே முனகிக்கொண்டு வந்ததை நான் கேட்டேன்.

நான் வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் சேர்ந்த வருஷக் கோடையில், பஷீர் கடைத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்த வளையங்கள் எல்லாம் சூட்டில் அப்பளம்போல நெளிந்துவிட்டன. குடிகாரனும்தான். ஊசி நிற்கவில்லை. நைனா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வுழுந்துட்டான்டா" என்றார். மறுநாள் டிபன் தூக்குக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். வேறு எங்கே போகும்? அவர் கையாலேயே கிரைண்டருக்குத்தான் போனது.

4

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வேலை என்னை டெட்ராய்ட்டில் கொண்டுவந்து விட்டது. மனைவி செல்வி, கைக்குழந்தையாகக் கயல். ஊரைச் சுற்றி மூடிய கார் தொழிற்சாலைகள். எங்கள் பேட்டையில் ஷெட்டுகள் எழும்புவதைப் பார்த்தவன் நான். ஷெட்டுகள் காலியாக நிற்பதை இங்கேதான் முதலில் பார்த்தேன். பொறுக்கிச் சேர்த்த அந்த அடிப்பாட்டுகளில் பல இந்த ஊரில் பிறந்தவை என்பதும் இங்கேதான் தெரிந்தது.

முதல் குளிர்காலத்தில் பழைய சாமான் கடை ஒன்றுக்குள் போய், "ஓல்ட் பிளேட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டேன். அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து என்னைச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிய அலமாரிக்கு அழைத்துப் போனார். பூப்போட்டது, பொன் விளிம்பு வைத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மறுத்துச் சொல்லக் கூச்சமாகி ஒன்றை வாங்கிவிட்டேன். அதில்தான் கயல் இப்போது தோசை சாப்பிடுகிறாள்.

பிறகு மெல்ல மெல்ல இடங்கள் பிடிபட்டன. சர்ச் அடித்தள விற்பனை, வீட்டு வாசல் விற்பனை, பழைய ரெக்கார்ட் கடைகள். நடு முழுசாக இருக்கிற தட்டை முதன்முதலில் கையில் எடுத்தபோது ஏதோ தப்பு செய்வதுபோல இருந்தது. பெயர், வருஷம், யார் எந்த வாத்தியம் எல்லாம் அச்சாகியிருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் வாங்கி வந்ததைத் துடைத்து வைத்துக் கேட்பேன். வீடு முழுக்க அந்த அடி நிறையும். அந்த நேரங்களில் மட்டும் நான் இங்கே இருப்பதாகவே நினைத்ததில்லை. குடிகாரன் மட்டும் அகப்படவில்லை. பெயர் தெரியாமல் எதைத் தேடுவது?

அவசரம் இல்லாமல்தான் தேடினேன், அந்தத் தொலைபேசிப் பேச்சு வரைக்கும்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பஷீர் இப்போது கடையிலேயே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவும் அம்மாவும் அங்கே வருவார்கள். இங்கே எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு நைனா வழக்கம்போலக் கத்தாமல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வாங்கிப் பேசினாள்.

"மணி, அவருக்கு போன்ல வண்டு கத்தற மாதிரிதான் கேக்குதாம். டாக்டர்கிட்ட காட்டினோம். வலது காது பூட்ச்சுன்னுட்டாரு. எடதுல கொஞ்சம் கீதாம். அதுவும் எத்தினி நாளைக்குன்னு சொல்ல முடியாதாம்."

"மெஷின் வச்சிக்கலாமாம்மா?"

"வச்சிப் பார்த்தாரு. காதுக்குள்ள கிரைண்டர் ஓடுதுன்னு கழட்டிப் போட்டுட்டாரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அன்னிக்கி இன்னா கேட்டாரு தெரியுமா? 'மணி இருக்கற ஊர்ல அந்தக் குடிகாரன் கெடைப்பானா? இன்னும் ஒருவாட்டி கேட்டுட்டா போதும்'ன்னாரு. நான் இன்னாடா சொல்றது?"

உடனே கிளம்பிப் போயிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வேலை அனுமதியை நீட்டிக்கத் தாள்கள் அரசாங்கத்திடம் போயிருந்தன. பதில் வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைய முடியாமல் போகலாம் என்றார் கம்பெனி வக்கீல். எப்போது வரும் என்று கேட்டேன். 'நிலுவையில் உள்ளது' என்ற ஒரே பதிலை ஒரு பெண்குரல் போனில் மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் நான் போக முடியவில்லை. பாட்டையாவது அனுப்ப வேண்டும்.

5

ஊருக்குக் கிழக்கே லூதர் என்று ஒரு பெரியவர் ரெக்கார்ட் கடை வைத்திருக்கிறார். கறுப்பர், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு காது மந்தம். நான் போய், பெயர் தெரியாது, பாடிக் காட்டுகிறேன் என்றேன். இருமினேன். கிடார் நடப்பதை வாயால் நடத்தினேன். அப்புறம் பாடினேன்.

லூதர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். "தம்பி, இந்த ஆள் எங்கே நின்று பாடினார்? கப்பலிலா?" என்றார். அவர் சொன்ன சொல் வேறு. எனக்குத் தம்பி என்றுதான் கேட்டது.

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், குரல் உடைகிற வயதுப் பையனாக இருக்கலாம் என்றார். சனிக்கிழமை தோறும் போனேன், வேறு கடைகளுக்கும் போனேன். பாடிப் பாடித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நான் பாடிக் காட்டியது பாட்டை மட்டும் அல்ல, எங்கள் அட்டையின் ஆட்டத்தையும் சேர்த்து என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் காதில் அந்தப் பாட்டு வேறு மாதிரி இருந்ததே கிடையாதே.

ஒரு சனிக்கிழமை செல்விக்கு வேலை இருந்ததால் கயலை அழைத்துப் போனேன். நான் லூதரிடம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் கீழ்ப்பெட்டிகளில் அட்டைப் படங்களைப் புரட்டிக்கொண்டே ஏதோ முனகினாள். லூதர் பேச்சை நிறுத்தி, நல்ல காதை அவள் பக்கம் திருப்பினார்.

"குட்டி, அதை மறுபடி பாடு."

பாடினாள். அதே பாட்டுதான். நான் பாத்திரம் கழுவும்போது முனகுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஆனால் எங்கும் சாயாமல், கோடு போட்டதுபோல நேராகப் பாடினாள்.

லூதர் உள்ளே போனார். ரொம்ப நேரம் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு தட்டோடு வந்து ஊசியை வைத்தார்.

இருமல். அந்த இருமலேதான். நான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கிடார் நடந்து வந்தது, அடி வந்தது, ஆள் பாடினான். நேராகப் போனான், நேராக வந்தான். தார் ரோட்டில் போகிற பஸ்போல இருந்தது. விழப்போகிற இடம் ஒவ்வொன்றுக்கும் நான் காத்திருந்தேன். ஒவ்வொன்றையும் அவன் அப்படியே கடந்து போனான். லூதர் என் முகத்தைப் பார்த்து, "இது இல்லையா?" என்றார். இதுதான் என்றேன்.

அந்தப் பாட்டின் பெயரும் பாடியவன் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை. அம்மா தினமும் வெட்டித் தள்ளிய பெயர்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

காரில் வரும்போது கயலிடம் கேட்டேன்: "அப்பா பாடற மாதிரி ஏன் பாடலம்மா நீ?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யூ சிங் இட் ராங், டாடி. ஐ ஃபிக்ஸ்ட் இட்."

நான் தமிழில் கேட்பதும் அவள் இங்கிலீஷில் சொல்வதும் எங்கள் வீட்டில் பழகிப்போன ஒன்று. அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நானும் அவளைப்போல நேராகப் பாடிப் பார்த்தேன், சாய்ந்துகொண்டேதான் வந்தது.

6

லூதரிடம் அந்தத் தட்டை வாங்கி வந்து, பாட்டைக் கேசட்டில் ஏற்றி, ஊருக்குப் போகிற ஆவடிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு பஷீர் டேப்பை நைனாவின் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கிறான். நான் போனில் காத்திருந்தேன். பாட்டு முடிகிற சத்தம் எனக்கே கேட்டது. நைனா போனை வாங்கினார்.

"மணி, இன்னாடா இது?"

"அந்தப் பாட்டுதான் நைனா!" கத்தினேன். "இருமல் கேட்டுச்சா?"

பஷீர் அதை அவர் காதில் திரும்பக் கத்தினான்.

"இருமல்லாம் கேட்டுச்சி. அவன்தான் இல்ல. இவன் வேற ஆளுடா. தெளிஞ்சவன். நேரா போறான், நேரா வரான், ஆபீசுக்குப் போறவன் மாதிரி. நம்ம ஆளு எங்க?"

"ரெண்டும் ஒரே ஆளுதான் மாமா!" என்றான் பஷீர்.

"நீ சும்மா இரு பாய். அவனை எனக்குத் தெரியாதா?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாத ஆளை அழைத்து வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, கொஞ்சம் சங்கடத்தோடு, "பரவால்ல வுடு கண்ணு. நீ தேடினதே போதும்" என்றார். அந்தப் 'போதும்' அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

7

அதற்குப் பிறகு நான் செய்ததை லூதரிடம் சொல்லப் பயந்தேன். இந்த ஊரில் தட்டு சேர்க்கிறவர்கள் விரல்ரேகைகூடப் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார்கள். நான் ஒரு வட்ட அரம் வாங்கி வந்து, சமையலறை மேசையில் துண்டு விரித்து, அந்தத் தட்டின் நடுத்துளையை ஒரு பக்கமாக ராவ ஆரம்பித்தேன். கொஞ்சம் ராவுவேன், பிளேயரில் போட்டுக் கேட்பேன். ஆட்டம் போதாது. மறுபடி ராவுவேன். கறுப்புத் தூள் துண்டில் விழுந்தது. நைனாவின் புருவத்தில் இருந்த அதே தூள்.

கயல் வந்து நின்று பார்த்தாள். "டாடி, யூ ஆர் பிரேக்கிங் இட்."

"இல்லம்மா, ரிப்பேர் பண்றேன்."

நம்பாமல் போய்விட்டாள். நாலைந்து சாயங்காலங்கள் ஆயின. ஒருநாள் ஊசியை வைத்தேன். ஆள் இருமினான், நடந்தான், இந்தப் பக்கம் சாய்ந்தான். அந்தப் பக்கம் சாய்ந்தான். விழப்போனான். விழவில்லை. செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, டேப் சுத்திக்கிச்சா?" என்றாள். என் உள்ளங்கை தானாகவே கீழ்நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் யாரும் அப்போது இல்லை. அந்த ஆட்டத்தோடு கேசட்டில் ஏற்றித் தபாலில் போட்டேன். சுங்கத் தாளில் பொருளின் விலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தேன். வாரங்கள் கழித்துப் பொட்டலம் என் வாசலுக்கே திரும்பி வந்தது. ஏதோ ஒரு விலையை எழுதி மறுபடி அனுப்பினேன். அதற்குள் ஊரில் மழை பிடித்துக்கொண்டது. நைனாவின் இடது காதில் சீழ் வைத்தது. சீழ் ஆறியது. அதோடு மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று பஷீர் சொன்னபோது கேசட் எங்கே வந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அது போய்ச் சேர்ந்த ஞாயிறு, வேண்டாம் என்றுதான் சொன்னேன். பஷீர் கேட்கவில்லை. "மச்சான், அவரே கேக்கறாரு. கல்யாணத்துக்கு வாடகைக்கி வுடற ஸ்பீக்கர் பாக்ஸ் ஒண்ணு கீது. அத்தப் போடறேன். நீ லைன்லயே இரு."

போட்டான். போனில் எனக்கு அது தெருவெல்லாம் அதிர்வதுபோலக் கேட்டது. அங்கே நடந்ததைப் பிறகு பஷீர் சொன்னான். நைனா பெஞ்சை இழுத்துப் போட்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, அதன் முகத்தில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டாராம். கிரைண்டர் சரியாக ஓடுகிறதா என்று அதன் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாராம். பாட்டு முடிந்தும் கையை எடுக்கவில்லையாம்.

போனை வாங்கிப் பேசினார். இப்போதெல்லாம் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் பேசப் பழகிவிட்டார்.

"மணி, அடி வருது கண்ணு. கைக்கு நல்லா வருது. அந்தக் கிடாருகூட வருது. ஆனா அவன் குடிச்சிகீறானா இல்லியான்னுதான் தெரியல."

"குடிச்சிகீறான் நைனா!" நான் கத்தினேன். "நல்லா குடிச்சிகீறான்! சாயறான் நைனா!"

செல்வி ஓடி வந்தாள். கயல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. அம்மா.

"நானும் சொல்லிட்டேன்டா, அவனேதான், ஆடறான்னு. அவர் கையப் புடிச்சி இப்டி அப்டி சாச்சிகூட காட்டினேன். நம்ப மாட்டேங்கறாரு. 'நீயும் உன் புள்ள மணியும் எனக்காகச் சொல்றீங்க'ன்றாரு."